பிறவிக் கண்புரைக்கு ஏன் இத்தனை அவசரம்?

கேள்வி சுருக்கமாக இது. பிறந்து ஒரு மாதமே ஆன குழந்தைக்கு ஒரு கண்ணில் பிறவிக் கண்புரை. இரண்டு வாரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும் என்கிறார் மருத்துவர். வீட்டில் பாட்டிக்குச் சம்மதமில்லை. "பச்சைக் குழந்தைக்கு மயக்க மருந்தா? இரண்டு வயது ஆகட்டும். புரையை எப்போது எடுத்தால் என்ன, கண் எங்கே போய்விடும்?" என்கிறார். தாமதித்தால் மூளையில் உள்ள ஏற்பிகளே (நரம்பணுக்களில் செய்தியைப் பெற்றுக்கொள்ளும் புரதங்கள்) மாறிவிடும் என்று எங்கோ படித்திருக்கிறீர்கள். அது உண்மையா, உண்மையென்றால் எப்படி என்பது உங்கள் கேள்வி.

பாட்டி சொல்வதில் பாதி சரி. கண் எங்கும் போய்விடாது. இரண்டு வருடம் கழித்துப் புரையை எடுத்தாலும் விழித்திரை பெரும்பாலும் நல்ல நிலையில்தான் இருக்கும். அவர் தன் வயதுக்காரர்களைப் பார்த்துச் சொல்கிறார். எழுபது வயதில் புரை வந்து, மகன் ஊரிலிருந்து வரட்டும் என்று மூன்று வருடம் தள்ளிப்போட்டு, பிறகு அறுவை செய்துகொண்டவர் அடுத்த வாரமே செய்தித்தாள் படிக்கிறார். அவருடைய மூளை பார்க்கக் கற்று முடித்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. உங்கள் குழந்தையின் மூளை இன்னும் அந்தப் பாடத்தைத் தொடங்கவே இல்லை.

இந்த வேறுபாட்டை முதலில் தெளிவாகக் காட்டியவர்கள் ஹார்வர்டில் பணியாற்றிய டேவிட் ஹியூபெலும் டோர்ஸ்டன் வீசலும். 1963இல் வெளியான ஆய்வில், பூனைக்குட்டிகளின் ஒரு கண் இமையைத் தைத்து மூடி, இரண்டு மூன்று மாதம் கழித்துத் திறந்து பார்த்தார்கள். கண் நன்றாக இருந்தது. ஆனால் மூளையின் பின்புறத்தில் உள்ள பார்வைப் புறணியில் அவர்கள் சோதித்த நரம்பணுக்களில் ஏறத்தாழ எல்லாமே திறந்திருந்த கண்ணுக்கு மட்டும் பதில் சொல்லின. சாதாரணப் பூனையில் பெரும்பாலான அணுக்கள் இரண்டு கண்களுக்கும் பதில் சொல்லக்கூடியவை. வளர்ந்த பூனைக்கு இதே போல மாதக் கணக்கில் கண்ணை மூடி வைத்தும் ஒன்றும் ஆகவில்லை. பிற்பாடு அவர்கள் காலத்தையும் குறித்தார்கள்: நான்காவது வாரத் தொடக்கத்தில் இந்தப் பாதிப்பு திடீரென்று தலைகாட்டுகிறது, ஆறாவது அல்லது எட்டாவது வாரம் வரை உச்சத்திலேயே நிற்கிறது, மூன்றாவது மாத முடிவில் மறைகிறது. உச்சத்தில் இருக்கும்போது மூன்று நான்கு நாள் மூடினாலே போதும், சேதம் நடந்துவிடும். 1981இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. கண்ணை மூடினால் பாதிப்பு வரும் இந்தக் காலகட்டத்தை நான் பருவம் என்றே சொல்கிறேன். விதைப்பவருக்கு விளக்கம் தேவைப்படாத சொல்.

இதுவரை எல்லாப் பாடநூலிலும் இருக்கிறது. எனக்குச் சுவையாகத் தோன்றுவது அதற்கடுத்த, அவ்வளவாகப் பேசப்படாத ஒரு செய்தி. ஒரு கண்ணை மூடினால் இத்தனை சேதம் என்றால், இரண்டு கண்ணையும் மூடினால் அதைப் போல இரண்டு மடங்கு இருக்க வேண்டும் அல்லவா? 1965இல் செய்து பார்த்தார்கள். பாதிப்பு இருந்தது, ஆனால் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. இரண்டு கண்ணுக்கும் பதில் சொல்லும் அணுக்கள் கணிசமாக மிஞ்சின. இன்னொன்று இதைவிட விசித்திரமானது. 1999இல் நரம்பியலாளர் மார்க் பேரின் குழு, பூனைக்குட்டிகளில் சிலவற்றுக்கு ஒரு கண் இமையைத் தைத்தது. மற்றவற்றுக்கு அந்தக் கண்ணுக்குள் டெட்ரோடோடாக்சின் செலுத்தியது. அது பேத்தை மீனின் நஞ்சு. கண்ணிலிருந்து மூளைக்கு ஒரு நரம்புத் துடிப்பும் போகாமல் நிறுத்திவிடும். இமை தைத்த கண்ணிலாவது மங்கலான வெளிச்சமும் தாறுமாறான துடிப்பும் இருக்கும். நஞ்சிட்ட கண் முழு ஊமை. எது அதிகம் இழந்திருக்கும்? இமை தைத்த கண்தான். மௌனமாக இருந்த கண் தன் இடத்தை அதைவிட நன்றாகக் காப்பாற்றிக்கொண்டது.

ஆகவே, "பயன்படுத்தாவிட்டால் பழுதாகும்" என்ற வழக்கமான விளக்கம் இங்கே உதவாது. மங்கலாகப் பார்க்கும் கண், பார்க்காத கண்ணைவிட மோசமாகத் தோற்கிறது. உங்கள் குழந்தையின் புரை செய்வதும் அதைத்தான்: வெளிச்சத்தை உள்ளே விடுகிறது, உருவத்தை விடுவதில்லை. ஏன் இப்படி என்பதற்கு விடை ஏற்பிகளில் இருக்கிறது.

ஒரு நரம்பணு இன்னொன்றுடன் பேசும் சந்திப்புக்கு சினாப்ஸ் என்று பெயர். முதல் அணு குளூட்டமேட் என்ற வேதிப்பொருளை உமிழ்கிறது. எதிரே உள்ள அணுவின் ஏற்பிகள் அதைப் பற்றிக்கொண்டு திறக்கின்றன. அவற்றில் ஆம்பா என்ற வகை உடனே திறந்து உடனே மூடும். அன்றாடச் செய்தியைக் கடத்துவது அதன் வேலை. என்எம்டிஏ என்ற வகைதான் நம் கதைக்கு முக்கியம். அதன் துளையை ஒரு மக்னீசியம் அயனி தக்கை போல அடைத்துக்கொண்டிருக்கும் என்று 1984இல் கண்டுபிடித்தார்கள். குளூட்டமேட் வந்தால் மட்டும் அது திறக்காது. அதே தருணத்தில் எதிரே உள்ள அணுவும் வலுவாகக் கிளர்ந்திருந்தால்தான் தக்கை விலகும். வங்கி லாக்கருக்கு உங்கள் சாவியும் வேண்டும், மேலாளரின் சாவியும் வேண்டும் என்பது போல. இரண்டும் சேர்ந்தால் கால்சியம் உள்ளே பாயும். நிறையப் பாய்ந்தால் அந்த இணைப்பு வலுப்படும். அரைகுறையாகக் கசிந்தால் தளரும். துளியும் பாயாவிட்டால் இணைப்பு பெரும்பாலும் இருந்தபடியே இருக்கும். இந்த மூன்றாவது நிலையை மறந்துவிடாதீர்கள், திரும்பி வருவோம். பூனைக்குட்டியின் புறணியில் இந்த ஏற்பிகளை மருந்தால் அடைத்துவிட்டுக் கண்ணை மூடினால், வழக்கமான சேதம் பெரிதும் தடைபடுகிறது என்று 1987இலேயே காட்டிவிட்டார்கள். ஆக, கண்களுக்கு இடையே நடக்கும் வழக்கில் தீர்ப்பு எழுதும் இடம் இதுதான்.

இந்த ஏற்பி ஒரே வார்ப்பில் செய்த பொருள் அல்ல. நான்கு துணை அலகுகள் சேர்ந்து உருவாவது. அவற்றில் இரண்டு எப்போதும் ஒரே வகை. மற்ற இரண்டு மாறக்கூடியவை. இளம் மூளையில் அந்த இடத்தில் பெரும்பாலும் 2பி என்ற வகை இருக்கும். வளர வளர 2ஏ வகை சேரும். 2பி உள்ள ஏற்பி திறந்தால் மூட நேரமெடுக்கும், 2ஏ உள்ளதைவிடப் பல மடங்கு. அதனால் இளம் சினாப்ஸ் தாராளமானது. இரண்டு நிகழ்வுகள் சற்று முன்பின்னாக வந்தாலும் "சேர்ந்துதான் வந்தன" என்று எடுத்துக்கொள்ளும். 2ஏ கறாரானது.

இந்த மாற்றம் வயதால் தானாக நடக்கிறதா, பார்வையால் நடக்கிறதா? 1992இல் ஒரு தடயம் கிடைத்தது. வெளிச்சத்தில் வளரும் எலிகளில் வயது ஏற ஏற ஏற்பி திறந்திருக்கும் நேரம் சுருங்குகிறது. இருட்டிலேயே வளர்த்தால் அந்தச் சுருக்கம் தள்ளிப்போகிறது. 1999இல் எலிசபெத் குவின்லன், பென் ஃபில்பாட், ரிச்சர்ட் ஹுகனிர், மார்க் பேர் ஆகியோர் இதைப் புரதத்தின் அளவிலேயே காட்டினார்கள். இருட்டில் வளர்ந்த எலிகளை முதன்முறையாக வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் பார்வைப் புறணியின் சினாப்ஸ்களில் 2ஏ ஏறிவிட்டது. வாரக்கணக்கில் எதிர்பார்க்கக்கூடிய ஒரு வளர்ச்சி மாற்றம், ஒரு சினிமா பார்த்து முடிக்கும் நேரத்தில்! திரும்பவும் இருட்டில் விட்டால் சில நாட்களில் மெல்ல இறங்கியது. இந்த மாற்றம் நடக்க என்எம்டிஏ ஏற்பியே வேலை செய்தாக வேண்டும் என்பதையும் அவர்கள் காட்டினார்கள். தன்னை மாற்றும்படி உத்தரவு போடுவதும் அதே ஏற்பிதான். எனக்கு இன்னும் வியப்பு தீராத இடம் இது.

இனி இதற்கு என்ன பொருள் என்று பார்க்கலாம். 1982இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் பீனன்ஸ்டாக், கூப்பர், மன்ரோ என்ற மூவர் தாளில் ஒரு கணக்குப் போட்டிருந்தார்கள். (இந்த லியோன் கூப்பர், மீக்கடத்தலுக்காக 1972இல் இயற்பியல் நோபல் பெற்றவர், பிறகு மூளைப் பக்கம் வந்தார்.) ஓர் இணைப்பு வலுப்படுவதா தளர்வதா என்பதைத் தீர்மானிக்க ஒரு வாசல் அளவு இருக்கிறது, அதைத் தாண்டிய துடிப்பு இணைப்பை வலுப்படுத்தும், எட்டாத துடிப்பு தளர்த்தும். அந்த வாசல் நிலையானதல்ல, அணு சமீபத்தில் எவ்வளவு வேலை செய்தது என்பதைப் பொறுத்து ஏறி இறங்கும் என்றது அவர்கள் கணக்கு. பதினேழு ஆண்டு கழித்துக் கிடைத்த 2ஏ–2பி விகிதம் அந்தக் கணக்குக்கு ஓர் உடல் கொடுத்தது. நிறையப் பார்த்த புறணியில் 2ஏ அதிகம், வாசல் உயரம். இருட்டில் இருந்த புறணியில் 2பி அதிகம், வாசல் தாழ்வு. 2ஏ மரபணுவை நீக்கிய சுண்டெலிகளில் அனுபவத்துக்கு ஏற்ப வாசல் நகர்வதில்லை என்று ஃபில்பாட் 2007இல் காட்டினார்.

இதை வைத்துக்கொண்டு முந்தைய புதிர்களுக்குத் திரும்புங்கள். ஒரு கண் தெளிவாகப் பார்க்கிறது, இன்னொன்றில் புரை. தெளிவான கண் புறணியைச் சுறுசுறுப்பாக வைத்திருப்பதால் வாசல் உயர்ந்தே இருக்கிறது. புரைக் கண்ணின் மங்கலான, ஒழுங்கற்ற துடிப்புகள் அந்த உயரத்தை எட்ட முடியாமல், வரும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கால்சியத்தைக் கசியவிட்டுத் தங்கள் இணைப்பைத் தாங்களே தளர்த்துகின்றன. இரண்டு கண்ணும் மூடியிருந்தால் வாசலே இறங்கிவிடுகிறது. பலவீனமான துடிப்புகளும் பிழைத்துக்கொள்கின்றன. நஞ்சிட்ட கண்ணிலிருந்து துடிப்பே இல்லை, கால்சியம் கசியவும் வழியில்லை, ஆகவே தண்டனையும் குறைவு. மூன்று புதிருக்கும் ஒரே சாவி. காட்சி என்பது இணைப்புகளை மாற்றுவதோடு நிற்பதில்லை. அடுத்த மாற்றத்துக்கு என்ன விலை என்பதையும் அதுவே நிர்ணயிக்கிறது. நல்ல கண் பார்க்கும் ஒவ்வொரு நாளும் புரைக் கண்ணுக்கான விலையை ஏற்றிக்கொண்டே போகிறது. ஒரு கண்ணில் மட்டும் இருக்கும் புரைக்கு மருத்துவர்கள் கூடுதல் அவசரம் காட்டுவது இதனால்தான்.

இதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தளர்ந்த சினாப்ஸிலிருந்து ஆம்பா ஏற்பிகள் உள்ளே இழுக்கப்படுகின்றன. அந்தக் கண்ணின் செய்தி அங்கே கேட்பதில்லை. தொடர்ந்து இப்படியே போனால், அந்தக் கண்ணின் சார்பில் வரும் நரம்பிழைகளே சுருங்கி, மற்றக் கண்ணின் இழைகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. முதலில் நடப்பது ஏற்பி மாற்றம், பிறகுதான் கம்பி மாற்றம். ஏற்பி மாற்றத்தைத் திருப்பலாம். கம்பி மாற்றத்தைத் திருப்புவது கடினம்.

பலரும் தடுக்கி விழும் ஓர் இடத்தில் உங்களை நிறுத்த வேண்டும். 2பி போய் 2ஏ வந்ததும் பருவம் முடிந்துவிடுகிறது, அதுவே மூளையின் கடிகாரம் என்று எளிமைப்படுத்தி எழுதுபவர்கள் உண்டு. அது சரியல்ல. 2ஏ இல்லாத சுண்டெலிகளிலும் பருவம் உரிய காலத்தில்தான் வந்துபோகிறது. கண்ணை மூடுவதன் விளைவு மட்டும் மந்தமாக இருக்கிறது. பருவத்தைத் திறந்துவிடும் பெரும்பங்கு வேறொரு தரப்பினுடையது: நரம்பணுக்களை அடக்கி வைக்கும் காபா என்ற வேதிப்பொருளும் அதன் ஏற்பிகளும். நரம்பியலாளர் தாகாவோ ஹென்ஷின் குழு 1998இல், காபாவைப் போதிய அளவு தயாரிக்க முடியாத சுண்டெலிகளுக்கு இந்தப் பருவமே வருவதில்லை என்று காட்டியது. காபா ஏற்பியின் வேலையைத் தூண்டும் டயசிபாம் கொடுத்தபோது வந்தது. ஆம், தூக்கத்துக்கும் வலிப்புக்கும் கொடுக்கும் அதே டயசிபாம். அந்த ஏற்பியிலும் துணை அலகுகள் உண்டு; அவற்றில் ஆல்ஃபா1 உள்ள வகையே இந்த வேலையைச் செய்கிறது என்று 2004இல் தெரிந்தது. கேட்க முரணாக இருக்கும்: அடக்குபவர் வந்தால்தான் கற்றல் தொடங்குகிறது. வகுப்பில் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தால் யார் சேர்ந்து பேசினார்கள், யார் தனியாகப் பேசினார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கொஞ்சம் அமைதி வந்தால்தான் ஒற்றுமை கேட்கும்.

சரி, எலியும் பூனையும் இருக்கட்டும், மனிதக் குழந்தைக்கு இது பொருந்துமா? குழந்தையின் புறணியைத் திறந்து ஏற்பியை எண்ண யாராலும் முடியாது. ஆனால் அதே 1999இல் வந்த இன்னோர் ஆய்வு எனக்கு எப்போதும் நினைவுக்கு வரும். கனடாவில் டாஃப்னி மவுரரும் அவருடைய சகாக்களும், பிறவிக் கண்புரை நீக்கப்பட்ட 28 கைக்குழந்தைகளைச் சோதித்தார்கள். வயது ஒரு வாரம் முதல் ஒன்பது மாதம் வரை. காண்டாக்ட் லென்ஸ் பொருத்திய முதல் நிமிடங்களில் அவர்களுடைய பார்வைக் கூர்மை, வயது என்னவாக இருந்தாலும், அன்று பிறந்த குழந்தையின் அளவில்தான் இருந்தது. மாதங்கள் ஓடியும் பார்வை அளவில் ஒரு நாள்கூட வளரவில்லை. லென்ஸுடன் ஒரே ஒரு மணி நேரம் பார்க்கவிட்டு மறுபடி அளந்தார்கள். கூர்மை ஏறியிருந்தது. எலியின் புறணியில் 2ஏ ஏறும் நேரமும் இந்த ஒரு மணி நேரமும் பொருந்துவது மனத்தை இழுக்கிறது. ஆனாலும் இரண்டும் ஒரே நிகழ்வு என்று நிரூபிக்கப்படவில்லை, நானும் அப்படிச் சொல்லமாட்டேன்.

ஆரம்பத்தில் நன்றாகத் தேறிய இந்தக் குழந்தைகளிடமும் ஒரு கடன் மிச்சம் இருந்தது. முதல் சில மாதங்கள் மட்டுமே பார்வை தடைபட்டவர்கள்கூட, பல ஆண்டு கழித்து முகங்களில் கண்ணுக்கும் வாய்க்கும் இடையிலான தூரம் போன்ற நுட்பங்களைப் பிரித்தறியத் திணறினார்கள் என்று 2001இல் அதே குழு எழுதியது. கூர்மைக்கு ஒரு பருவம், முகத்துக்கு ஒரு பருவம் என்று தனித்தனியாக இருக்கின்றன போலும்.

தாமதமானவர்களுக்கு வழியே இல்லையா என்ற கேள்வியும் இதனுடன் சேர்ந்து வரும். இருக்கிறது. டெல்லியில் எம்ஐடி பேராசிரியர் பவன் சின்ஹா நடத்திவரும் பிரகாஷ் திட்டத்தில், எட்டு வயதுக்கு மேல், சிலர் பதின்ம வயதில்கூட, புரை நீக்கப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். கூர்மை முழுதாக வருவதில்லை. ஆனால் பொருட்களைப் பிரித்துப் பார்க்கவும், தடுமாறாமல் நடக்கவும், முகம் எது முகம் அல்லாதது எது என்று அறியவும் மாதங்களில் கற்றுக்கொள்கிறார்கள். அதனால் "இனி செய்து பயனில்லை" என்று எந்தப் பிள்ளையையும் கைவிடுவதும் தவறு. வாசலை மறுபடி இறக்குவது எப்படி என்பதுதான் இப்போது ஆய்வகங்களின் கவலை. வளர்ந்த எலிகளைப் பத்து நாள் முழு இருட்டில் வைத்தபோது குட்டிகளைப் போல இளகிய தன்மை திரும்பியது. 2013இல் கனடாவில், ஒரு கண் மங்கிய பூனைக்குட்டிகளைப் பத்து நாள் இருட்டில் வைத்தெடுத்தபோது அந்தக் கண் ஒரு வாரத்தில் தேறியது. ஆனால் முழுதாக வளர்ந்த பூனைகளில் அது பலிக்கவில்லை. 2021இல் நல்ல கண்ணை அதே பேத்தை மீன் நஞ்சால் சில நாள் ஊமையாக்கியபோது, பருவம் கடந்த பூனைகளிலும் சுண்டெலிகளிலும் மங்கிய கண் மீண்டது. இவையெல்லாம் விலங்குகளில் கண்டவை. தயவுசெய்து குழந்தையை இருட்டறையில் வைத்துப் பார்க்க வேண்டாம். இதைப் படித்துவிட்டு யாராவது கிளம்பிவிடுவார்கள் என்ற பயம் எனக்கு உண்டு.

உங்கள் வீட்டு விவகாரத்துக்கு வருகிறேன். ஒரு கண்ணில் மட்டும் அடர்த்தியான புரை இருந்தால், ஆறு வார வயதுக்குள் எடுத்த குழந்தைகளே நன்றாகத் தேறுகிறார்கள். இரண்டு கண்ணிலும் இருந்தால் இன்னும் சில வாரம் அவகாசம் உண்டு. நான்கு வாரத்துக்கு முன்பே செய்வதில் வேறு ஆபத்து இருக்கிறது: பின்னாளில் கண் நீர் அழுத்தம் கூடும் வாய்ப்பு அதிகரிக்கிறது. மயக்க மருந்துக்கும் குழந்தை கொஞ்சம் தேறியிருந்தால் நல்லது. உங்கள் மருத்துவர் சொன்ன "இரண்டு வாரத்துக்குள்" என்பது இந்த இரண்டு கரைக்கும் நடுவே பார்த்துக் குறித்த நாள். பாட்டியின் பயத்தில் உள்ள நியாயத்தை அவர் ஏற்கெனவே கணக்கில் எடுத்துவிட்டார் என்று சொல்லுங்கள், ஒருவேளை எடுபடும்.

அறுவையோடு வேலை முடிந்துவிடாது. புரை படிந்த லென்ஸை எடுத்த கண்ணுக்குக் காண்டாக்ட் லென்ஸோ கண்ணாடியோ இல்லாவிட்டால் உருவம் மறுபடி மங்கல்தான், ஏற்பிகளைப் பொறுத்தவரை புரை இன்னும் அங்கேயே இருக்கிறது. பிறகு நல்ல கண்ணை ஒட்டுப் போட்டு மறைக்கச் சொல்வார்கள், தினமும் சில மணி நேரம், வருடக் கணக்கில். நல்ல கண்ணை ஏன் மூட வேண்டும் என்று பாட்டி மறுபடி கேட்பார். இப்போது உங்களிடம் பதில் இருக்கிறது. குழந்தை ஒட்டைப் பிய்த்து எறியும், அழும். பெற்றோர் பலர் அறுவையில் காட்டிய உறுதியை இங்கே இழந்துவிடுகிறார்கள். எத்தனை மணி நேரம், எந்த வயதில் எவ்வளவு என்பதை முதல் நாளே மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். லென்ஸ் தொலைந்தால் மாற்று எத்தனை நாளில் கிடைக்கும் என்பதையும் கேட்டு வையுங்கள். கைக்குழந்தை கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கும், கட்டாயம் தொலையும்.